உயிர்க் காலேஜ் பார்க்க ஒரு நாள் கூலியா?

கூலி, பஞ்சப்படி, போனஸ், குடிமனைப் பட்டா என்று எத்தனையோ பிரச்னைகள் தொழிலாளியின் தலைக்கு மேல் நிற்கும்போது, மிருகக்காட்சி சாலையைப் பற்றித் தலையங்கம் எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டும் என்றே நாம் கூறுகிறோம். உழைப்பவனுக்குச் சோறும் துணியும் போதும், மற்ற சந்தோஷமெல்லாம் பணம் படைத்தவனுக்கு என்ற எண்ணம் முதலாளிக்கு இருக்கலாம். நமக்கு இருக்கக்கூடாது.

கொருக்குப்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் அடுத்தது பேசின் பிரிட்ஜ். அதற்கடுத்தது சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகம். இரண்டே நிறுத்தம். அங்கே இறங்கிச் சற்று நடந்தால் ஒரு காலத்தில் புலியையும் சிங்கத்தையும் பார்க்கலாம். அதற்கு யாரும் ஒரு காலணாக் காசு கேட்கவில்லை.

அதன் வரலாறு தெரிந்துகொள்ளத் தக்கது. 1855-ல் சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்த எட்வர்ட் பால்ஃபர், கர்நாடக நவாபிடமிருந்த மிருகங்களைக் கேட்டு வாங்கி, எழும்பூர் மியூசியத்தில் ஜனங்கள் பார்க்கும்படி வைத்தார். மறு வருஷமே அங்கே 300-க்கு மேற்பட்ட பிராணிகள் சேர்ந்துவிட்டன. 1861-ல் அவை நகரசபையின் வசம் வந்து, சென்ட்ரல் பக்கத்திலிருந்த 116 ஏக்கர் ‘பீப்பிள்ஸ் பார்க்’கில் குடியேறின. இந்தியாவிலேயே பொதுமக்களுக்கென்று ஏற்பட்ட முதல் மிருகக்காட்சி சாலை இதுதான். அனுமதி இலவசம்.

சென்னை மக்கள் மியூசியத்துக்குச் ‘செத்த காலேஜ்’ என்றும், இதற்கு ‘உயிர்க் காலேஜ்’ என்றும் பெயர் வைத்தார்கள். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. ஆனால் அந்தப் பெயரில் ஓர் உண்மை இருக்கிறது. காலேஜ் வாசலை மிதிக்க வழியில்லாத மூட்டை தூக்கியும், நூற்பு ஆலைத் தொழிலாளியும், காணும் பொங்கலுக்குப் பட்டணம் பார்க்க வந்த பண்ணையாளும் காசில்லாமல் படித்த காலேஜ் அதுதான்!

அந்தப் பூங்காவுக்குத் திட்டமிட்டவர் 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன். 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, மக்கள் லட்சக்கணக்கில் மடிந்தபோது, லண்டன் கஜானாவில் உட்கார்ந்து நிவாரணத்தைச் சுருக்கியவர் என்று ஐரிஷ் மக்கள் இன்றளவும் மறக்காத அதிகாரி அவர். அப்படிப்பட்டவருக்கே, நெரிசலில் திணறும் நகரத்து ஜனங்கள் மூச்சுவிட ஓரிடம் வேண்டும் என்பது புரிந்திருந்தது. சுதந்திர நாட்டுச் சர்க்காருக்கு அது புரியவேண்டாமா?

‘மக்கள் பூங்கா’ என்று பெயர் பெற்ற நிலம் மக்களிடம் நிற்கவில்லை. 1900-ல் மூர் மார்க்கெட், 1913-ல் ரிப்பன் மாளிகை, பிறகு விளையாட்டரங்கம், ரயில்வே கட்டடம் என்று துண்டு துண்டாகப் போயிற்று. 1985 மே 30-ல் மூர் மார்க்கெட் தீயில் கருகியது. அதே வருஷம் ஜூலை 24-ல் வண்டலூரில் புதிய மிருகக்காட்சி சாலையை அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். இன்று பார்க் ஸ்டேஷன் இருக்கிறது. பார்க் டவுன் இருக்கிறது. மை லேடீஸ் பூங்கா என்ற ஒரு துண்டும் இருக்கிறது. 116 ஏக்கர் பார்க் எங்கே?

மிருகங்களை வண்டலூருக்கு மாற்றியது தவறு என்று நாம் சொல்லவில்லை. ரயில் சத்தத்துக்கும் வாகனப் புகைக்கும் நடுவே, குறுகிய கூண்டில் புலியை அடைத்து வைப்பது கொடுமை. இன்று 602 ஹெக்டேர் காட்டில் அவற்றுக்கு நிழலும் வெளியும் கிடைத்திருக்கின்றன. நல்லது. ஆனால் மிருகங்கள் இடம் மாறியபோது, மக்களின் உரிமையும் கூடவே ஏன் பறிபோக வேண்டும்? இதுவே நம் கேள்வி.

வண்டலூரில் பெரியவர் ஒருவருக்கு 115 ரூபாயாக இருந்த நுழைவுக் கட்டணம் 2023-ல் 200 ரூபாய் ஆக்கப்பட்டது. புருஷன், பெண்ஜாதி இருவர் உள்ளே போக 400 ரூபாய். ஊரக வேலைத் திட்டத்தில் 2025-26-ம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். ஒரு விவசாயத் தொழிலாளி நாள் முழுதும் வெயிலில் மண் வெட்டிச் சம்பாதித்தது, அவனும் அவன் மனைவியும் வாசலைத் தாண்டுவதற்கே போதாது! கொருக்குப்பேட்டைத் தொழிலாளியின் கதையும் அதுதான். சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் வேறு ரயில் பிடித்து, தாம்பரம் தாண்டிப் போகவேண்டும். ரயில் கட்டணம், பிள்ளைகளின் தின்பண்டம், அன்றைய கூலி நஷ்டம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று பிள்ளையிடம் சொல்லவேண்டியதுதான். அந்த அடுத்த வருஷம் வருவதில்லை.

“மிருகங்களுக்குத் தீனி போடப் பணம் வேண்டாமா?” என்று அதிகாரிகள் கேட்கலாம். வேண்டும். அதை யாரிடம் வாங்குவது என்பதுதான் விஷயம். ஏழை தொட்ட ஒவ்வொரு பொருளுக்கும் வரி கொடுக்கிறான். சோப்புக்கும் செருப்புக்கும் கொடுக்கிறான். ஏற்கெனவே கொடுத்தவனிடம் வாசலில் நிறுத்தி மறுபடியும் ஏன் கேட்கவேண்டும்?

முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவையே பாருங்கள். மே தினத் தியாகிகளின் ரத்தம் சிந்திய சிகாகோ நகரில், 1868-ல் தொடங்கிய லிங்கன் பார்க் மிருகக்காட்சி சாலைக்கு இன்றும் நுழைவுக் கட்டணம் இல்லை. செயின்ட் லூயிஸ் நகரில், 1916-லேயே சொத்து வரியில் ஒரு சிறு பங்கை மிருகக்காட்சி சாலைக்கென்று ஒதுக்க மக்கள் ஓட்டுப் போட்டார்கள். அங்கும் அனுமதி இலவசமே. வீடும் கட்டடமும் வைத்திருப்பவன் வரி கொடுக்கிறான். எல்லார் பிள்ளையும் யானை பார்க்கிறது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர உறக்கம், எட்டு மணி நேரம் நமக்கு என்று தொழிலாளி வர்க்கம் கேட்டது எதற்காக? 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடியை ஏற்றியது எதற்காக? அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தில் மனிதன் மனிதனாக வாழவேண்டும். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நடக்கவேண்டும் என்பதற்காகத்தான். அந்த நேரத்துக்கும் டிக்கெட் போட்டால், போராடிப் பெற்றது பாதி பறிபோனதாகவே அர்த்தம்.

ஆகவே நாம் கோருவது இது: மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டலூரில் எல்லோருக்கும் இலவச அனுமதி வேண்டும். மே தினத்தன்றும் அப்படியே. மற்ற நாட்களில் ரேஷன் கார்டைக் காட்டும் உழைப்பாளிக் குடும்பங்களுக்குக் கட்டணம் கூடாது.

இன்னொன்றும் உண்டு. வடசென்னை இழந்த பூங்காவை வடசென்னைக்கே திருப்பித் தரவேண்டும். நிலம் எங்கே என்று தேடி அலைய வேண்டாம். கொருக்குப்பேட்டைக்குப் பக்கத்திலேயே கொடுங்கையூர்க் குப்பைமேடு இருக்கிறது. நகரத்தின் குப்பையைப் பல பத்தாண்டுகளாகச் சுமந்த நிலம் அது. பழைய குப்பையைப் பிரித்து அகற்றி நிலத்தை மீட்கும் வேலை தொடங்கப்பட்டது. அங்கே குப்பை எரி உலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து, 2025-ல் மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். புகையைத் தின்றது போதும் என்பதே அவர்கள் குரல். மீட்கும் நிலத்தில் மரம் நடுங்கள், குளம் வெட்டுங்கள், பறவைகள் தாமாக வரும். ‘மக்கள் பூங்கா’ என்று பெயர் வையுங்கள். வாசலில் டிக்கெட் கவுண்டர் மட்டும் வைக்காதீர்கள்!

இது சலுகை கேட்கும் மனு அல்ல. நூறு வருஷத்துக்கு மேல் மக்கள் அனுபவித்த உரிமையைத் திருப்பிக் கேட்கும் கோரிக்கை. சங்கக் கூட்டங்களிலும், பேட்டைகளிலும், கிராமங்களிலும் இதைப் பேசுங்கள், தீர்மானம் போடுங்கள், கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். கேட்காமல் கூலி உயர்ந்ததில்லை. கேட்காமல் இந்தக் கதவும் திறக்காது.