எட்டு யூனிட்டின் விலை

2023ஆம் ஆண்டு சித்திரை, வைகாசி மாதங்களில், பள்ளி விடுமுறையை முன்னிட்டு என் தங்கையும் அவள் குழந்தைகள் இருவரும் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, மாடி அறையின் ஏ.சி. இரவில் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓடியதையும், பிரிட்ஜின் கதவு குழந்தைகளின் கையில் ஓய்வறியாமல் திறந்து மூடியதையும் நான் கவனித்தேன் என்றாலும், விருந்தாளிகளை வைத்துக்கொண்டு கரண்ட் பில்லைப் பற்றிப் பேசுவது ஒரு குடும்பஸ்தனுக்கு அழகன்று என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர்கள் ஊருக்குத் திரும்பிய அடுத்த வாரம் ரீடிங் எடுக்கப்பட்டது. 508 யூனிட், கட்ட வேண்டிய தொகை 2,014 ரூபாய். ஐந்நூறோடு நின்றிருந்தால் அது 1,725 ரூபாய். ஆக, மிகுந்துபோன எட்டு யூனிட்டுக்காக நான் கொடுத்தது 289 ரூபாய், யூனிட் ஒன்றுக்கு 36 ரூபாய்க்கும் சற்று மேல். அன்றைய விகிதப் பட்டியலில், ஆயிரம் யூனிட்டைத் தாண்டிய மாளிகைவாசிக்குக்கூட யூனிட்டின் உச்ச விலை 11 ரூபாய்தான். தங்கையிடம் இந்தக் கணக்கை நான் இன்றுவரை சொன்னதில்லை. அவள் பத்திரிகைகளில் கட்டுரைப் பக்கம் படிப்பவள் அல்லள் என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். 2016 மே மாதம் ஜெயலலிதா முதலமைச்சராகப் பதவியேற்ற அன்றே கையெழுத்திட்ட ஆணைகளில் அது ஒன்று. அதற்கு அடுத்த நூறு யூனிட்டுக்கு, அதாவது 101 முதல் 200 வரை, மொத்த உபயோகம் 500க்குள் அடங்கும் வீடுகளிடம் மட்டும், பாதி விலையை அரசு தானே ஏற்றுக்கொண்டு, 2 ரூபாய் 25 காசு வாங்க 2022 செப்டம்பரில் ஏற்பாடாயிற்று. ஐந்நூறைத் தாண்டிய வீட்டுக்கோ அதே நூறு யூனிட்டுக்கும் 4 ரூபாய் 50 காசு. ஐந்நூற்றோராவது யூனிட் ஓடுகிற அந்தக் கணத்தில், ஒரு மாதத்துக்கும் முன்பே எரிந்து, குளிர்ந்து, மறந்தும் போன மின்சாரத்தின் விலை பின்னோக்கிச் சென்று இரட்டிப்பாகிவிடுகிறது. ஐந்து கிலோ கத்தரிக்காய் வாங்கியபின் மேலும் நூறு கிராம் நிறுக்கச் சொன்னவனிடம், 'அப்படியானால் முன்பு பையில் போட்ட இரண்டாவது கிலோவுக்கும் இனி இரட்டை விலை' என்று கடைக்காரர் சொல்வாரானால், அந்தக் கடைவாசலில் என்ன நடக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. மின்சார விவகாரத்தில் மட்டும் நாம் மௌனமாகப் பணத்தைக் கட்டிவிட்டு, விலைவாசியைப் பொதுவாக நொந்துகொள்கிறோம்.

2022 செப்டம்பர் 10ஆம் தேதி அமலுக்கு வந்த அந்தக் கட்டண உயர்வை, 2014க்குப் பிறகு எட்டு ஆண்டுகள் வீட்டு இணைப்புகளின் விலை அசையாமல் இருந்துவிட்ட காரணத்தால், தவிர்க்க முடியாதது என்றே மின்வாரியம் வாதாடியது; மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் சென்னையிலும் ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டது; கேட்டபின் ஆணை பிறந்தது. யாருடைய தலையில் எவ்வளவு பாரம் விழுந்தது என்பதைப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். நிலைக்கட்டணம் உட்பட 1,130 ரூபாய் கட்டிவந்த 500 யூனிட் வீடு, நிலைக்கட்டணம் ரத்தான பின்பும் 1,725 ரூபாய் கட்டலாயிற்று. நூற்றுக்கு ஐம்பத்திரண்டுக்கும் மேல் உயர்வு. 600 யூனிட் ஓடும் வீட்டுக்கோ 2,440 ரூபாய் 2,750 ரூபாயாயிற்று. நூற்றுக்குப் பதின்மூன்றுகூட இல்லை. பழைய விகிதத்தில் ஐந்நூறைத் தாண்டியவுடன் 650 ரூபாய்க்கு மேல் குதித்த தொகை, புதிய விகிதத்தில் 233 ரூபாய்தான் குதித்தது என்று அதிகாரிகள் சமாதானம் சொல்லக்கூடும். படியின் உயரம் குறைந்தது உண்மை. ஆனால் படியைச் செதுக்கியதால் குறையவில்லை, கீழ்த்தரையில் மண்ணைக் கொட்டி உயர்த்தியதால் குறைந்தது.

அந்தக் கீழ்த்தரையில் நிற்பவர் யார்? மின்விசிறி ஒன்று, பழைய ரகமானால், எழுபத்தைந்து வாட் இழுக்கும். நாளொன்றுக்கு இருபது மணி நேரம் சுழன்றால் இரண்டு மாதத்தில் 90 யூனிட் தின்றுவிடும். இலவசமாகக் கிடைக்கும் நூறு யூனிட் என்பது, கத்திரி வெயில் காலத்தில், ஏறக்குறைய ஒரே ஒரு விசிறியின் காற்றுதான். பிரிட்ஜ், கிரைண்டர், மிக்ஸி, வாஷிங் மெஷின், தண்ணீர் ஏற்றும் மோட்டார், வயதான பெற்றோர் படுக்கும் அறையில் ஒரு ஏ.சி. என்று சேர்ந்துவிட்டால், ஆடம்பரம் என்று எவரும் பெயரிட முடியாத ஒரு சாதாரணக் குடும்பம் ஐந்நூறின் விளிம்பில் வந்து நின்றுவிடும். ஏ.சி. என்பது பணக்காரரின் போகப்பொருள் என்று கருதிய காலத்தில் இந்த 500 என்ற வேலி பணக்காரனையும் ஏழையையும் ஓரளவு பிரித்துக் காட்டியிருக்கலாம். இரவு பதினொரு மணிக்கும் சுவர்கள் அனல் கக்கும் கான்கிரீட் பெட்டிகளில் சென்னையும் வேலூரும் திருச்சியும் உறங்கப் பழகிவிட்ட இந்நாளில், அது யாரையும் பிரித்துக் காட்டுவதில்லை. கோடையில் வேலிக்கு அப்பாலும், மார்கழியில் இப்பாலுமாக ஒரே குடும்பத்தைத்தான் இழுத்தடிக்கிறது.

மின்சாரம் மலிவாக வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. நீலகிரியின் பைக்காராவில் 1932இலும், மேட்டூரில் 1937இலும் நீர்வீழ்ச்சியைக் கொண்டு விளக்கேற்றிய சென்னை மாகாணத்துக்கு, அணையைக் கட்டி முடித்தபின் அந்த மின்சாரத்தில் எரிபொருள் செலவு என்று ஒன்று இல்லை. மலையும் மழையும் இலவசமாக வேலை செய்தன. 1957 ஜூலையில் மின்வாரியம் பிறந்து, கிராமம் கிராமமாகக் கம்பி இழுத்து, வயலுக்கு வயல் பம்புசெட்டு ஓட்டி, தேவை பெருகப் பெருக, அந்தப் பழைய தண்ணீர் போதாமல் போயிற்று. இன்று ஒடிசாவின் தால்ச்சேரில் வெட்டப்படும் நிலக்கரி, ரயிலேறி, பாரதீப்பில் கப்பலேறி, எண்ணூரில் இறங்கியாக வேண்டும். வழியெல்லாம் கூலி உண்டு. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயப் பம்புசெட்டுகள் கட்டணமின்றி ஓடுகின்றன. ஓடட்டும், அந்தச் சோற்றைத்தான் நாமும் தின்கிறோம். ஆயினும் அதற்காக அரசு தரும் மானியத்தையும் சேர்த்துக்கொண்ட பின்னும், மின்சாரம் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஆண்டுக்காண்டு விழுந்த பள்ளம், ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிய கடனாகிவிட்டது என்று 2022இல் அரசே கணக்குச் சொல்லிற்று. அதன் பிறகு விலைவாசிக் குறியீட்டெண்ணின் உயர்வு அல்லது ஆறு சதவீதம், இவற்றுள் எது குறைவோ அந்த அளவு ஆண்டுதோறும் ஜூலையில் கட்டணம் கூடும் என்ற ஏற்பாடும் வந்துவிட்டது, 2023இல் 2.18 சதவீதத்தை வீடுகளுக்காக அரசு தானே சுமந்தது, 2024இல் 4.83 சதவீதம் கூடியது. விலை ஏறுவதில் நியாயம் உண்டு. ஏறுகிற முறையில்தான் எனக்கு வழக்கு.

ஜனங்கள் இதற்குப் பரிகாரமாகக் கேட்பது மாதாமாதம் ரீடிங் எடுக்க வேண்டும் என்பது. 2021 தேர்தலில் அது ஒரு வாக்குறுதியாகவே இருந்தது. டீக்கடை முதல் சட்டமன்றம் வரை அந்தக் கோரிக்கை ஒலிக்காத இடமில்லை. நானும் நெடுங்காலம் அதை நம்பியவன்தான். ஒருநாள் மின்தடையில், வேறு வேலை ஓடாத நிலையில், தாளும் பென்சிலும் கொண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பங்குனியில் 150 யூனிட்டும் சித்திரையில் 350 யூனிட்டும் ஓடும் ஒரு வீடு, இரண்டு மாதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், 2022 விகிதப்படி 1,725 ரூபாய் கட்டும். படிகள் எல்லாவற்றையும் சரிபாதியாக வெட்டி மாதக் கணக்காக்கினால், முதல் மாதம் 337 ரூபாய் 50 காசும், இரண்டாம் மாதம், 250 என்ற பாதி வேலியைத் தாண்டிவிட்டபடியால், 1,825 ரூபாயுமாக மொத்தம் 2,162 ரூபாய் 50 காசு ஆகிறது. நானூற்றுச் சொச்சம் ரூபாய் அதிகம்! கூட்டலில் பிழையோ என்று மறுபடியும் போட்டேன், பிழையில்லை. உபயோகம் மாதத்துக்கு மாதம் சமமாக இருக்கும் வீட்டுக்கு இரு முறையும் ஒன்றே. மேடும் பள்ளமுமாக இருக்கும் வீட்டுக்கு, பெரும்பாலும், இரண்டு மாதத்தைச் சேர்த்துச் சமப்படுத்துவதே அனுகூலம். எல்லா வீட்டுக்கும் இப்படி நேரும் என்று நான் சாதிக்கவில்லை. 240ம் 280மாக ஓடும் வீடு மாதக் கணக்கில் சிறிது லாபம் பெறும். ஆனால் மாத ரீடிங் வந்துவிட்டால் பில் பாதியாகும் என்று காத்திருப்பவர்கள் ஏமாறப் போகிறார்கள் என்பதை, கோரிக்கை நிறைவேறுவதற்கு முன்பே யாராவது சொல்லிவிடுவது நல்லது. சம்பளக்காரருக்கு மாதாமாதம் சிறிய தொகையாகக் கட்டும் சௌகரியம் உண்டு என்பது வேறு விஷயம்.

மாத ரீடிங் கோரிக்கையின் அடியில் இருக்கும் மனக்குறை பொய்யன்று; அது ரீடிங் எடுக்கும் நாளைப் பற்றியது. நாளொன்றுக்கு எட்டு யூனிட் வீதம் ஒழுங்காகச் செலவழிக்கும் வீட்டில், அறுபதாம் நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், அதே 2022 விகிதப்படி 1,605 ரூபாய். நாள் கணக்கைப் பாராமல் யூனிட் கணக்கை மட்டும் பார்த்து, அறுபத்துநான்காம் நாள் எடுத்தால் 512 யூனிட், 2,046 ரூபாய். அடுத்த முறை ஐம்பத்தாறு நாளாகச் சுருங்குவதில் 192 ரூபாய் மீளும்; மீதி 249 ரூபாய் போனது போனதுதான். அந்த வீட்டுக்காரர் ஒரு விளக்கைக்கூட அதிகமாகப் போடவில்லை.

வாடகைக்குக் குடியிருப்பவர்களின் நிலை இதனினும் பரிதாபம். ஒரே இணைப்பிலிருந்து மூன்று நான்கு போர்ஷன்களுக்கு சப்-மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு எட்டு ரூபாயோ ஒன்பது ரூபாயோ என்று ஒரு விலையை வீட்டுக்காரர் நிச்சயித்துவிடும் இடங்களில், இலவச நூறும் இல்லை, மானிய நூறும் இல்லை. தன் பெயரில் இணைப்பிருந்தால் 2022 விகிதப்படி 225 ரூபாயோடு முடிந்திருக்க வேண்டிய 200 யூனிட்டுக்கு, எட்டு ரூபாய் வீதம் 1,600 ரூபாய் கொடுக்கிறான் ஏழைக் குடித்தனக்காரன். வீட்டுக்காரரைக் கேட்டால், எல்லாப் போர்ஷனும் சேர்ந்து ஓடுவதால் தமக்கே உச்ச விலைப் படியில் பில் வருகிறது என்பார். பல சந்தர்ப்பங்களில் அதுவும் நிஜம். யாருக்காக இலவசம் அறிவிக்கப்பட்டதோ அவன் வாசலுக்கு அது வந்து சேராமல், மச்சு வீட்டு உரிமையாளரின் இணைப்பில் ஒரு முறை மட்டும் இறங்கிக் கரைந்துவிடுகிறது. தேர்தல் மேடைகளில் இலவச யூனிட்டின் எண்ணிக்கையை ஏலம் கூறுகிறவர்கள், அந்த யூனிட்டுகள் எந்த மீட்டர் வரை நடந்து போகின்றன என்று ஒரு முறை பின்தொடர்ந்து பார்க்கலாம்.

ஐந்நூறாவது படியைச் சீர்செய்வது பிரம்ம வித்தையும் அல்ல. ஐந்நூறைத் தாண்டிய வீட்டின் 225 ரூபாய் மானியத்தை ஒரே அடியில் பறிப்பதற்குப் பதிலாக, தாண்டிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் இரண்டேகால் ரூபாய் வீதம் திரும்பப் பெற்றால், 600 யூனிட்டை எட்டும்போது முழுத்தொகையும் கஜானாவுக்கு வந்துவிடும். அதற்கு மேல் செலவழிப்பவர் எவரிடமும் ஒரு காசு குறையாது. என் 508 யூனிட்டுக்கு அப்பொழுது 1,807 ரூபாய் வந்திருக்கும். ரீடிங் முன்னே பின்னே ஆனால் நாளுக்கு ஏற்றபடி படிகளை நீட்டவோ சுருக்கவோ செய்வது, பில் போடும் இயந்திரத்துக்கு ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும்தான். இந்தக் கணக்குகளுக்கு அடிப்படையான 2022க்குப் பிறகு விகிதம் சற்றே ஏறியிருக்கிறது. படியின் அமைப்பு 2022இல் போட்ட அதே அமைப்புத்தான் என்பதால், கணக்கின் சாரம் மாறுவதில்லை.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் மீட்டரைப் பார்த்து, போன ரீடிங்கைக் கழித்து, மிச்சத்தைத் தினசரிக் காலண்டர் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைக்கிறாள் என் மனைவி. சென்ற ஞாயிறு குறித்திருந்த எண் 471. ரீடிங்குக்கு இன்னும் ஐந்து நாள் பாக்கி. அன்று மாலை தங்கையிடமிருந்து போன் வந்தது, குழந்தைகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டதாம், செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் புறப்படலாமா என்று கேட்டாள். வரச் சொல்லியிருக்கிறேன்.