‘சார்ஜ்’ என்னும் சுமை

இங்கிலீஷ் பாஷையில் ‘சார்ஜ்’ என்றொரு சொல் இருக்கிறது. அதை அறியாத தமிழர் இன்று அநேகமாக இல்லை. இங்கிலீஷில் ஓரெழுத்தும் வாசித்தறியாத பாட்டியும் பேரனை நோக்கி, “போனுக்குச் சார்ஜ் போட்டாயா?” என்று கேட்கிறாள். பஸ்ஸில் ஏறினால் சார்ஜ். புதிய தாசில்தார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் சார்ஜ் எடுத்துக்கொண்டார் என்கிறோம். அவரே பின்னர் ஏதேனும் புகாரில் அகப்பட்டுக்கொண்டால் அவர் கைக்கு வந்து சேர்வது சார்ஜ் மெமோ. அவரைக் கண்டித்து ஜனங்கள் கூட்டம் கூடினால் அந்தக் கூட்டத்தின் தலையில் விழுவது லத்தி சார்ஜ். ஒரே சொல் இத்தனை வேஷம் போட்டுக்கொண்டு வருவது பாஷா பண்டிதர்களுக்கு விநோதமாயிருக்கலாம். நமக்கும் வெகு காலம் அது விநோதமாகவே தோன்றியது.

நாம் வக்கீல் தொழில் நடத்திவந்த காலத்தில், வாய்க்கால் தகராறொன்றில் எதிரியாகச் சேர்க்கப்பட்டிருந்த குடியானவர் ஒருவருக்காக ஆஜரானோம். ஒரு நாள் மாஜிஸ்ட்ரேட் குற்றச்சாட்டை வாசித்தார். தாம் குற்றவாளியல்லவென்று, நாம் சொல்லிக்கொடுத்தபடி, எதிரி பதில் சொன்னார். அத்துடன் அன்றைய காரியம் முடிந்தது. அடுத்த வாய்தாவுக்கு வந்தபோது அவர் நம்மைத் தனியே அழைத்து, “ஐயா, சார்ஜைப் போன தடவையே கட்டிவிட்டேன், ரசீதுதான் கொடுக்கவில்லை” என்றார். விசாரித்தோம். கோர்ட்டு வராந்தாவில் திரியும் தரகன் ஒருவன் அவரிடம் “உன் கேஸில் சார்ஜ் ஆகிவிட்டது, ஐந்நூறு ரூபாய் கட்டவேண்டும்” என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டான். பஸ்ஸுக்கும் கரண்டுக்கும் சார்ஜ் கொடுத்துப் பழகிய மனிதர், கோர்ட்டுக்கும் சார்ஜ் உண்டென்று நம்பியதில் அவருடைய தவறு என்ன இருக்கிறது? தவறு நம்முடையது. வாசிக்கப்பட்டபோது பக்கத்தில் நின்றவர்கள் நாமே. “உன்மேல் இன்ன குற்றத்தைச் சாட்டி விசாரிக்கப் போகிறார்கள்” என்று ஒரே வாக்கியத்தில் நாம் சொல்லியிருக்கலாம். “சார்ஜ் ஃப்ரேம் பண்ணுகிறார்கள், குற்றவாளியில்லை என்று சொல்” என்றுதான் சொன்னோம். அந்த ஐந்நூறு ரூபாயில் பாதியாவது நம் கணக்கில் எழுதப்பட வேண்டியதே.

இச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால் மிகவும் எளிய பொருளொன்று அகப்படுகிறது. லத்தீன் பாஷையில் ‘கர்ருஸ்’ என்றால் வண்டி. அதிலிருந்து பிற்கால லத்தீனில் பிறந்த ‘கர்ரிகாரே’ என்ற வினைக்கு வண்டியில் பாரம் ஏற்றுதல் என்று அர்த்தம். அது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து ‘சார்ஜ்’ ஆயிற்று. தெருவில் ஓடும் காரும், கப்பலில் ஏற்றும் கார்கோவும், பத்திரிகைகளில் மந்திரிகளின் மூக்கை ஒரு முழம் நீட்டி வரையும் காரிகேச்சரும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏற்றவேண்டிய அளவுக்கு மேல் ஏற்றிய படம் காரிகேச்சர்; நமது சித்திரக்காரர் இதைப் படித்துச் சந்தோஷப்படுவார்.

ஆகவே அடிப்படைப் பொருள் சுமை ஏற்றுதல். துப்பாக்கியில் மருந்தை ஏற்றினால் சார்ஜ். மனிதன்மேல் உத்தியோகத்தை ஏற்றினாலும், பழியை ஏற்றினாலும், செலவை ஏற்றினாலும் சார்ஜ். நமது பாஷையும் இதே வழியில் யோசித்திருக்கிறது. குற்றம் சுமத்துகிறோம், வரி சுமத்துகிறோம், குடும்பபாரம் என்கிறோம். ‘பொறுப்பு’ என்ற சொல்லே பொறுத்தலிலிருந்து, அதாவது தாங்குதலிலிருந்து, வந்ததுதான். வித்தியாசம் என்னவென்றால், ஏற்றிய சுமை எதுவென்பதைத் தமிழ் கூடவே சொல்லிவிடுகிறது. குற்றம் என்றோ, வரி என்றோ, பொறுப்பு என்றோ பெயர் சொல்லாமல் ‘சுமத்தினார்’ என்று மட்டும் நாம் வாக்கியத்தை முடிப்பதில்லை. இங்கிலீஷ்காரன் முடிக்கிறான். அவனுக்குச் சந்தர்ப்பத்தைக் கொண்டு பொருள் விளங்கும். அது அவனுடைய தாய்பாஷை. கடன் வாங்கியவனுக்குச் சந்தர்ப்பம் தெரியாது. சொல் மட்டுமே தெரியும்.

அவர்களுடைய வழக்குகளில் ஒன்றிரண்டைப் பார்த்தால் இது தெளிவாகும். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் குழந்தைக்கு ‘இன் சார்ஜ்’ என்றால் குழந்தை அவள் பொறுப்பில் இருக்கிறது. நடுவே ‘தி’ என்ற சிறு சொல்லைச் சேர்த்துவிட்டால் தலைகீழாகிவிடும். யாரைச் சொன்னோமோ அவரே மற்றவர் பொறுப்பில் இருப்பவராகிவிடுவார். பழைய இங்கிலீஷ் வழக்கில் ஒருவனை ‘இன் சார்ஜ்’ கொடுப்பது என்றால் அவனைப் போலீஸ்காரன் வசம் ஒப்படைப்பது. ஆக, ஆளுகிறவனும் இன் சார்ஜ், அகப்பட்டவனும் இன் சார்ஜ்! ‘ஃப்ரீ ஆஃப் சார்ஜ்’ என்பது இலவசம். விவாதத்தில் ஒரு முறை தோற்றவன் மறுபடியும் அதே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தால் அவன் ‘சார்ஜுக்குத் திரும்பினான்’ என்பார்கள். அங்கே பணமுமில்லை, பழியுமில்லை. குதிரைப்படையின் பாய்ச்சல் இருக்கிறது.

கோர்ட்டு விஷயத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் ஒருவன் ‘சார்ஜ்’ செய்யப்பட்டான் என்றால், போலீஸாரோ சர்க்கார் தரப்பு வக்கீல்களோ அவன்மேல் வழக்குத் தொடுக்கத் தீர்மானித்து, குற்றத்தை அவனுக்கு அறிவித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அநேகமாக அது போலீஸ் ஸ்டேஷனிலேயே நடந்துவிடும். நமது நாட்டில் அப்படியல்ல. போலீஸார் புலன்விசாரித்துக் கோர்ட்டில் கொடுப்பது ஓர் அறிக்கை. ஜனங்கள் அதைச் ‘சார்ஜ் ஷீட்’ என்றும், தமிழில் குற்றப்பத்திரிகை என்றும் சொல்கிறார்கள். பெரிய வழக்குகளில், மாஜிஸ்ட்ரேட்டோ ஜட்ஜியோ அந்த அறிக்கையையும் தஸ்தாவேஜுகளையும் பார்த்து, இரு தரப்பையும் கேட்டு, வழக்குக்கு ஆதாரமில்லையென்று கண்டால் எதிரியை விடுவிக்கவேண்டும். அதற்குப் பெயர் ‘டிஸ்சார்ஜ்’, அதாவது ஏற்றிய சுமையை இறக்குவது. ஆதாரமுண்டு என்று கண்டால்தான் நீதிபதி தம் கையால் குற்றச்சாட்டு வனைகிறார். அதைக் கோர்ட்டின் பாஷையில் எழுதவேண்டும். எதிரிக்கு வாசித்துக் காட்டி விளக்கவேண்டும். 1973-ம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டம் இப்படி விதித்திருந்தது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்திருக்கும் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் இப்படியே விதிக்கிறது. விளக்கவேண்டும் என்று சட்டம் வாய்விட்டுச் சொல்லியிருப்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். வாசித்தால் மட்டும் போதும் என்று சட்டம் நினைக்கவில்லை.

போலீஸ் காகிதத்துக்கும் நீதிபதியின் குற்றச்சாட்டுக்கும் நடுவில் மாதங்கள் கழியும், சில வழக்குகளில் வருஷங்களும் கழியும். பத்திரிகைகளிலோ இரண்டும் ஒன்றே. போலீஸார் காகிதம் கொடுத்த மறுநாளே ‘சார்ஜ் செய்யப்பட்டார்’ என்று இங்கிலீஷ் தந்தி வருகிறது; அதைப் பார்த்து நாம் ‘குற்றம் சாட்டியது கோர்ட்டு’ என்று தமிழில் தலைப்புப் போடுகிறோம். இது சிறு பிழையன்று. 1951-ம் வருஷத்து ஜனப் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 2002-ல் சேர்க்கப்பட்ட 33-ஏ பிரிவின்படி, தேர்தலில் நிற்பவர், இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்துக்காகத் தம்மீது நிலுவையிலுள்ள வழக்கில் கோர்ட்டார் குற்றச்சாட்டு வனைந்திருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும். அங்கே கணக்கில் வருவது கோர்ட்டார் வனைந்த குற்றச்சாட்டு. போலீஸார் கொடுத்த பத்திரிகையன்று. மேடையில் ஏறி எதிர்க்கட்சிக்காரரை ‘சார்ஜ் ஆன ஆசாமி’ என்று ஏசும் நமது நண்பர்கள், எந்தச் சார்ஜ் என்பதைத் தெரிந்துகொண்டு ஏசுவது நலம். நாளைக்கு இதே ஏச்சு அவர்கள் வீட்டு வாசலுக்கும் வரும்.

ஜூரிகள் இருந்த காலத்தில் கோர்ட்டில் வேறொரு சார்ஜும் இருந்தது. சாட்சியம் முடிந்தபின் ஜட்ஜி ஜூரிகளுக்குச் சட்டத்தையும் சாட்சியத்தையும் எடுத்துரைப்பதற்கும் அதுவே பெயர். 1959-ல் பம்பாய் செஷன்ஸ் கோர்ட்டில் கடற்படை அதிகாரி நானாவதியைக் குற்றவாளியல்லவென்று எட்டு ஜூரிகள் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமுமாகத் தீர்மானித்தார்கள். ஜட்ஜி அதை ஒப்பாமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். ஜூரிகளுக்குச் செய்யப்பட்ட அந்த எடுத்துரைப்பிலேயே பிழைகள் உண்டென்று கண்ட ஹைகோர்ட்டு, அவரைக் குற்றவாளியென்று தீர்த்தது. 1961-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. கிரிமினல் வழக்குகளில் ஜூரி முறை இன்றில்லை. ஆகவே அந்தச் சார்ஜ் நமக்கு வேண்டாம்.

இனி லத்தி சார்ஜ். நமக்கு உண்மையில் மனம் கொதிப்பது இங்கேதான்.

இங்கிலீஷ்காரனுடைய செவிக்கு, யுத்தகளத்துச் ‘சார்ஜ்’ என்பது வீரத்தின் பெயர். 1854 அக்டோபர் 25-ம் தேதி, கிரிமியாவில், பாலக்லாவா என்ற இடத்தில், தெளிவில்லாத ஓர் உத்தரவைத் தவறாகப் பொருள்கொண்டு சுமார் 670 குதிரைவீரர்கள் ருஷ்யப் பீரங்கிகளின் வாயை நோக்கிப் பாய்ந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர் மாண்டனர். டெனிஸன் அதைப் பாடி அமரமாக்கினார். அந்தப் பாய்ச்சல் மூடத்தனமாயிருக்கலாம், கோழைத்தனமல்ல. எதிரே பீரங்கி இருந்தது.

1930 மே 21-ம் தேதி தாராசனை உப்பளத்தில் எதிரே என்ன இருந்தது? வரிசை வரிசையாக நடந்துவந்த சத்தியாக்கிரகிகள் இருந்தார்கள். அடியைத் தடுக்கக் கையைக்கூட உயர்த்தவில்லை என்று அமெரிக்க நிருபர் வெப் மில்லர் உலகத்துக்குத் தெரிவித்தார். 1928 அக்டோபர் 30-ல் லாகூரில் சைமன் கமிஷனைக் கண்டித்து ஊர்வலம் சென்ற லாலா லஜபதி ராய்மேல் அடி விழுந்தது; நவம்பர் 17-ல் அவர் இறந்தார். 1932 ஜனவரி 10-ல் திருப்பூரில் கொடி பிடித்துச் சென்ற குமரன் அடிபட்டு, மறுநாள் மாண்டார். இவைகளுக்கும் அதிகார வர்க்கத்தின் பாஷையில் அதே பெயர், ‘சார்ஜ்’! பாலக்லாவாவின் பெயரை எடுத்துத் தாராசனைக்குச் சூட்டியதன் பயன் யாதெனில், அடித்தவன் வீரனாகவும் அடிபட்டவன் சத்துருவாகவும் காகிதத்தில் மாறிவிடுகிறார்கள். அந்தச் சர்க்கார் போய்விட்டது. சொல் போகவில்லை. சட்டப் புத்தகத்தில் இதற்குச் ‘சிவில் பலத்தால் கூட்டத்தைக் கலைத்தல்’ என்பது தலைப்பு. அதைவிடச் சாதுவான பெயர் வேண்டுமானால் போலீஸ் அறிக்கையில் கிடைக்கும்: ‘லேசான லத்தி சார்ஜ்’. மண்டை உடைந்தவனைக் கேட்டால் அது லேசா கனமா என்று சொல்லுவான்.

தமிழ் ஜனங்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: தடியடி. தடியும் இருக்கிறது, அடியும் இருக்கிறது; ஒளிவுமறைவில்லை. இந்தச் சொல் இருக்கும்போது ஒரு தேசாபிமானப் பத்திரிகை ‘லத்தி சார்ஜ்’ என்று அச்சிடுவது வெட்கக்கேடென்பது நமது அபிப்பிராயம். நமது பத்திரிகையும் பலமுறை அச்சிட்டிருக்கிறது என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை.

இங்கிலீஷ் வார்த்தை எதையும் தீண்டலாகாது என்று சொல்லும் கூட்டத்தில் நாம் சேர்ந்தவர்களல்லர். கோர்ட்டு, போலீஸ், பஸ் என்றெல்லாம் இதே பத்தியில் தாராளமாக எழுதியிருக்கிறோம். அவற்றால் ஒருவனும் ஏமாறுவதில்லை. போனுக்குச் சார்ஜ் போடுகிற பாட்டியை ‘மின்னேற்றம் செய்தாயா’ என்று கேட்கும்படி நாம் உபதேசிக்கப் போவதுமில்லை. பிரஜையின் மேல் குற்றத்தையோ, செலவையோ, அடியையோ ஏற்றும் இடங்களில் மட்டும், எதை ஏற்றுகிறோம் என்று அவனுக்கு விளங்கும்படி சொல்லவேண்டும் என்கிறோம்.

ஆதலால் நமது ஆசிரியர் குழுவில் ஒரு தீர்மானம் செய்திருக்கிறோம். போலீஸார் கொடுப்பது குற்றப்பத்திரிகை. கோர்ட்டார் வனைவது குற்றச்சாட்டு. கோர்ட்டார் விசாரணைக்கு முன்பே சுமையை இறக்கினால் விடுவிப்பு. விசாரித்துக் குற்றமில்லையென்று தீர்த்தால் விடுதலை. உத்தியோகஸ்தர் ஏற்பது பொறுப்பு. பிரயாணி கொடுப்பது கட்டணம். கூட்டத்தின்மேல் விழுவது தடியடி. அதற்கு ‘லேசான’ என்ற அடைமொழியைப் போலீஸ் அறிக்கை கொடுத்தாலும் நமது நிருபர் நேரில் கண்டாலன்றி அச்சேறாது.

ஒரு சார்ஜுக்கு மட்டும் எங்களுக்கு நல்ல தமிழ் அகப்படவில்லை. அரசியல் சாஸனத்தின் 112-வது ஷரத்தில், இந்தியாவின் தொகுப்பு நிதியின்மேல் ‘சார்ஜ்’ செய்யப்பட்ட செலவு என்று வருகிறது. ஜனாதிபதியின் சம்பளம், சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜிகளின் சம்பளம் முதலியவை அதில் அடங்கும். பார்லிமெண்டு இவற்றைப் பற்றி விவாதிக்கலாம், வோட்டுக்கு விடமுடியாது. ‘நிதியின்மேல் சுமத்தப்பட்ட செலவு’ என்று எழுதினால் சொல் சரியாக இருக்கிறது. ஆனால் வோட்டுக்கு அப்பாற்பட்டது என்ற முக்கியமான பொருள் தொனிக்கவில்லை. ‘வோட்டுக்கு வராச் செலவு’ என்கிறார் நமது உதவியாசிரியர். பட்ஜெட் காலம் வருமுன் நேயர்கள் இதைவிட நல்ல சொல்லொன்றை எழுதியனுப்பினால் வந்தனத்துடன் ஏற்றுக்கொள்வோம்.