பிள்ளையிடம் மறைப்பது பரிவு அன்று

தஞ்சைத் தரணியில் நமக்குத் தெரிந்த இல்லம் ஒன்று. அங்கே பதினைந்து வயது மகன். ஆடுதுறை நெல் இரகங்களைச் சொல்லி, எதற்கு எத்தனை நாள் என்று கேட்டால் தங்குதடையின்றி விடை சொல்லுவான். ஆனால், நிக்காஹ் வீட்டின் ஆரவாரம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடிவிடுவான். உடன் படிப்போர் கேலியாகச் சொல்வதையும் மெய்யென நம்பி ஏமாறுவான். 'ஆட்டிசமாக இருக்கலாம், முறையாகப் பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டும்' என்றார் மருத்துவர். வீடு திரும்பியதும் மாமுவுக்குச் சொன்னார்கள், சாச்சாவுக்குச் சொன்னார்கள், பெரியத்தாவிடம் யோசனை கேட்டார்கள். சொல்லப்படாதவன் ஒருவனே, அவன்தான் அந்தப் பிள்ளை! ஏன் என்று கேட்டால், 'பிள்ளை மனம் நொந்துவிடுமே' என்கிறார்கள்.

இந்தப் பரிவை நாம் ஏற்பதற்கில்லை.

தான் பிறரைப் போல் இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் தினமும் அது அவனுக்குச் சுட்டிக்காட்டப்படுகிறது. நாம் பெயர் சொல்லாவிட்டால் ஊரார் சொல்லுவார்கள்: கிறுக்கன், மக்கு, திமிர் பிடித்தவன். வேறு பெயர் அறியாத பிள்ளை இவற்றையே தன் பெயராக ஏற்றுக்கொள்ளும். துஆச் செய்யுங்கள், தடுப்பார் யார்? ஆனால், காரணம் சொல்லாமல் அவன் கழுத்தில் தாயத்தைக் கட்டினால், தனக்குள் ஏதோ தீயது குடிகொண்டிருக்கிறது என்றன்றோ அவன் எண்ணுவான்!

மற்றொன்றையும் சிந்திக்க வேண்டும். இதனைக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனை கிடையாது, எக்ஸ்ரே கிடையாது. பேச்சையும் பழக்கத்தையும் கூர்ந்து கவனித்தும், குழந்தைப் பருவத்தைக் கேட்டறிந்துமே முடிவு காண்கிறார்கள். எந்த ஒலி துன்புறுத்துகிறது, கூட்டத்தில் என்ன நேர்கிறது என்பதை அந்தப் பிள்ளையைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்? சாட்சியைக் கூப்பிட்டு, வழக்கு இன்னதென்று அவனுக்கே சொல்லாமல் மறைப்பது எந்த நியாயம்?

'உறுதியாகாததை எப்படிச் சொல்வது?' என்பார்கள். உறுதியாகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். 'இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உன்னோடு சேர்ந்தே அறிந்துகொள்வோம்' என்று கூறுவதில் என்ன தடை?

உண்மைத் தடை வேறு. அது சம்பந்தம்! வெளியே தெரிந்தால் தங்கையின் நிக்காஹ் நின்றுவிடுமோ என்னும் அச்சம். அச்சம் பொய்யென்று நாம் கூறவில்லை. ஆனால், அது பெரியவர்களின் அச்சம். அதற்குப் பிள்ளையின் பரிவு என்று பெயர் சூட்டாதீர்கள். பெண்பிள்ளையானால் நிலைமை இன்னும் மோசம். வாய் திறவாமல் தவிக்கும் மகளை 'அடக்கமான பெண்' என்று மெச்சிவிட்டுப் போய்விடுகிறோம்.

அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 1943-இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இந்தப் பெயரை உலகறியச் செய்தது. அவர்களுள் முதல்வர் டொனால்டு டிரிப்லெட். சிறு வயதில் அவரை ஓர் உழவர் குடும்பத்தில் விட்டிருந்தனர். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணிய பிள்ளையை அவர்கள் அதட்டவில்லை. எண்ணிக்கொண்டே ஏர் ஓட்டவிட்டார்கள். பின்னாளில் அவர் பட்டம் பெற்றார். ஊர் வங்கியில் வேலை பார்த்தார். பல நாடுகளைக் கண்டார். 2023-இல் 89 வயதில் மறைந்தார். எல்லோருக்கும் இவ்வாறே அமையும் என்று சொல்லோம். வாழ்நாளெல்லாம் துணை வேண்டுவோரும் உண்டு. ஆனால், மறைத்துவைத்ததால் நலம் பெற்றவர் எவர்?

நம் அரசாங்கத் தாள்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்றொரு தொடர் வழங்குகிறது. புற உலகின் ஒலியும் ஒளியும் அளவுக்கு மீறித் தாக்குவதால் துடிக்கும் பிள்ளைக்கா இந்தப் பெயர்? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் ஏற்றுக்கொண்டுள்ளது. நாளை சான்றிதழ் வாங்கச் செல்லும்போது அந்தப் பெயரை முதன்முதலாக ஓர் அலுவலகத் தாளிலா அவன் படிக்க வேண்டும்?

ஆகவே, பெற்றோரே சொல்லுங்கள். உறவினர் கூடிய கூடத்தில் வேண்டாம். தேர்வுக்கு முந்திய இரவிலும் வேண்டாம். அஸருக்குப் பின் வாய்க்கால் கரையில் நடந்துகொண்டே பேசுங்கள். முகத்தைப் பார்த்துப் பேசும்படி வற்புறுத்தாதீர்கள். 'இது நோயன்று, உன் குற்றமும் அன்று, அம்மாவின் வளர்ப்புக் குற்றமும் அன்று, உன் மூளை வேலை செய்யும் விதம்' என்று நேராகச் சொல்லுங்கள். உவமைகள் அவனைக் குழப்பும். எவருக்குச் சொல்லலாம், எவருக்குக் கூடாது என்பதை அவனையே கேளுங்கள். அன்றே பதில் வராது. பத்து நாள் கழித்து ஒரு கேள்வியோடு வருவான். அப்போது வேலையை ஒதுக்கிவிட்டு உட்காருங்கள்.

கண் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கேட்க வந்தபோது முகம் திருப்பப்பட்டதைக் கண்டித்துத் திருமறையில் ஓர் அத்தியாயமே இறங்கியது. அதை ஓதும் சமுதாயம் நாம். நம் வீட்டுப் பிள்ளை கேட்க வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா?