ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை

சுவிட்சைத் தட்டியவுடன் விளக்கு எரிய வேண்டும் என்பது இன்று நம் இல்லங்களில் எழுதப்படாத சட்டமாகிவிட்டது. எரியாவிட்டால் மின்வாரியத்தைக் குறை கூறுகிறோம். எரிந்தாலோ அதைப்பற்றி எண்ணுவதே இல்லை. அந்த ஒளி எங்கிருந்து வருகிறது, எதை எரித்து வருகிறது, யாருடைய வாசலில் சாம்பலை விட்டுவிட்டு வருகிறது என்பவற்றை இத்திங்கள் நம் குடும்பங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

பழவேற்காட்டு மகிமை மாதா திருத்தலத்திற்கு மீஞ்சூர் வழியாகத் திருப்பயணம் செல்வோரும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு மின்சார இரயிலில் நாள்தோறும் வேலைக்குச் செல்வோரும், எண்ணூரைத் தாண்டியதும் வானளாவி நிற்கும் புகைபோக்கிகளைக் கண்டிருப்பார்கள். அங்குள்ள வள்ளூர் அனல் மின் நிலையம், தேசிய அனல் மின் கழகமும் தமிழ்நாடு மின்சார வாரியமும் கூட்டாக உருவாக்கிய நிறுவனத்திற்கு உரியது. 2012ஆம் ஆண்டு முதல் அடுத்தடுத்து இயங்கத் தொடங்கிய அதன் மூன்று அலகுகளும் தலைக்கு 500 மெகாவாட் வீதம் 1,500 மெகாவாட் ஆற்றல் உள்ளவை. அருகிலேயே வடசென்னை அனல் மின் நிலையமும் உள்ளது. 1970 முதல் உழைத்த பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது.

நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. வள்ளூருக்கு வேண்டிய கருநிலக்கரியோ நம் மாநிலத்தில் வெட்டி எடுக்கப்படுவதில்லை. அது ஒடிசா மாநிலத்தின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டப்பட்டு, இரயிலில் பாரதீப் துறைமுகத்தை அடைந்து, கப்பலேறிக் காமராசர் துறைமுகத்தில் இறங்குகிறது. எண்ணூர்த் துறைமுகம் என்ற பெயரில் 2001இல் தொடங்கப்பட்ட அத்துறைமுகமே முதலில் நிலக்கரிக்காக எண்ணி அமைக்கப்பட்டதுதான். அங்கிருந்து நீண்ட கன்வேயர் பட்டைகளில் ஏறி நிலக்கரி மின் நிலையத்திற்குள் நுழைகிறது.

உள்ளே அதற்கு நேர்வது என்ன? முதலில் அரவை இயந்திரங்களில் முகப்பவுடர் போல நுண்ணிய தூளாக்கப்படுகிறது. அத்தூள் சூடான காற்றோடு உலைக்குள் ஊதப்பட்டுக் கொழுந்துவிட்டு எரிகிறது. உலையின் சுவர்களாக அமைந்த குழாய்களில் ஓடும் நீர் கொதித்து, ஏறத்தாழ 540 பாகை வெப்பமும் மிகுந்த அழுத்தமும் உள்ள நீராவியாகிறது. அந்த நீராவி டர்பைன் எனப்படும் சுழலியின் இதழ்களைத் தாக்கி, அதை நிமிடத்திற்கு 3,000 முறை சுழற்றுகிறது. சுழலியோடு இணைந்த ஜெனரேட்டரில் காந்தம் சுழல, அதைச் சூழ்ந்த கம்பிச் சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. வேலை முடிந்த நீராவி குளிர்விக்கப்பட்டு மீண்டும் நீராகிக் கொதிகலனுக்குத் திரும்புகிறது. நம் அடுக்களையில் கொதிக்கும் பானையின் மூடியைத் தூக்கும் அதே ஆவிதான் அங்கே ஒரு நகரத்திற்கு ஒளி தருகிறது.

ஆனால் நிலக்கரியிலுள்ள வெப்பம் முழுவதும் மின்சாரமாவதில்லை. இத்தகைய நிலையங்களில் நூற்றில் 35 முதல் 38 பங்கு மட்டுமே மின்சாரமாகிறது. எஞ்சியது குளிர்விக்கும் நீரோடும் புகையோடும் போய்விடுகிறது. வரும் வழியில் கம்பிகளிலும் ஒரு பகுதி வீணாகிறது. ஆகவே நம் மீட்டரில் ஒரு யூனிட் ஓடுவதற்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரிய வேண்டியுள்ளது. அதனோடு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவும் காற்றில் கலக்கிறது. மூன்று அலகுகளும் முழு வேகத்தில் இயங்கினால், ஒரு மணி நேரத்தில் 15 இலட்சம் யூனிட் உற்பத்தியாகும். சுமார் ஆயிரம் டன் நிலக்கரி சாம்பலாகும்.

சாம்பல் என்ற சொல்லில்தான் நம் மனச்சான்றுக்குரிய கேள்வி இருக்கிறது. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் எரியாத சாம்பலே. அதில் பெரும்பகுதி புகைபோக்கியை அடையுமுன் மின்விசைக் கருவிகளால் பிடிக்கப்படுகிறது. சிமெண்டு ஆலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் போனது போக, மிஞ்சியது நீரில் கரைக்கப்பட்டுக் குழாய் வழியாகச் சாம்பல் குளங்களுக்குச் செல்கிறது. அக்குளங்களை ஒட்டிய செப்பாக்கம் போன்ற ஊர்களில் காற்றடிக்கும் காலத்தில் சோற்றிலும் துணியிலும் சாம்பல் படிகிறது. வடசென்னை நிலையத்துச் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சேறாகப் படிந்தது. இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் தங்கள் பிழைப்புக் கெட்டதென்று ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் அதை விசாரித்து, படிந்த சாம்பலை அகற்ற ஆணையிட்டது.

வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று நாம் மகிழ்கிறோம். ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் கட்டணச் சீட்டில் எழுதப்படாத விலையொன்றை, அந்தக் கழிமுகத்தின் ஓரத்தில் வாழும் எளியவர்கள் நமக்காகச் செலுத்தி வருகிறார்கள் என்பதை மறக்கலாகாது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். பழைய மின்விசிறி ஒன்றுக்கு 75 வாட் வேண்டும். ஆளில்லாத அறைகளில் இரண்டு விசிறிகள் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் வீணே சுழன்றால், மாதத்திற்கு 18 யூனிட் செலவு. அதாவது 12 கிலோவுக்கு மேல் நிலக்கரி, நான்கு கிலோவுக்கு மேல் சாம்பல். 60 வாட் குண்டு பல்பு தரும் ஒளியை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தருகிறது. புதிய வகை பி.எல்.டி.சி. மின்விசிறிகள் 30 வாட் அளவிலேயே சுழல்கின்றன. மாற்ற வேண்டிய காலம் வரும்போது, கடையில் விலையை மட்டும் பாராமல் நட்சத்திரக் குறியையும் பார்த்து வாங்குவது நலம்.

மின்சாரத்தால் வெந்நீர் போடுவதுதான் பெரும் வீண். வள்ளூரில் வெப்பத்தை மின்சாரமாக்கி, அதில் பெரும்பகுதியை இழந்து, குளியலறையில் மறுபடியும் அதை வெப்பமாக்குகிறோம். மொட்டை மாடியில் சூரிய வெந்நீர்க் கலம் வைக்க இயலாதவர்கள், ஒரு கருப்பு வாளி நீரை வெயிலில் வைத்தாலும் நம் ஊர் வெயிலுக்குப் போதும். ஏ.சி. வைத்திருப்போர் அதை 24 பாகைக்குக் கீழே இறக்க வேண்டாம். ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. மேல்தொட்டி நிரம்பி வழியும் வரை மோட்டாரை ஓடவிடுவது நீரையும் மின்சாரத்தையும் ஒருங்கே இழப்பதாகும். துணிகளுக்கு நாள்தோறும் ஒன்றிரண்டாக இஸ்திரி போடாமல், வாரத்திற்கு ஒருமுறை மொத்தமாகப் போடலாம். திருப்பலி முடிந்து அனைவரும் வெளியேறிய பின்னும் ஆலயத்தில் விசிறிகள் சுழல்கின்றனவா என்று பார்ப்பதும் பங்குமக்களாகிய நம் கடமையே.

இதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 500 குடும்பங்கள் உள்ள ஒரு பங்கில் ஒவ்வொரு வீடும் மாதம் 18 யூனிட் சேமித்தால், ஆறு டன்னுக்கு மேல் நிலக்கரி மிச்சம். வள்ளூர் முழு வேகத்தில் இயங்கினால் அதை இருபதுக்குச் சற்று மேற்பட்ட விநாடிகளில் எரித்துவிடும். ஆகையால் வீட்டுச் சிக்கனம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. சாம்பலைக் கசியாமல் காப்பது நிறுவனங்களின் பொறுப்பு. அதைக் கண்காணிப்பதும், சூரிய ஒளியையும் காற்றையும் மேலும் பயன்படுத்த வழிசெய்வதும் அரசின் பொறுப்பு. இவற்றைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் தன் வீட்டில் வீணாக்குகிறவன் கேட்கும் கேள்விக்கு வலு இராது.

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த பின்னர், எஞ்சிய துண்டுகளை ஒன்றும் வீணாகாதபடி சேர்த்து வைக்குமாறு ஆண்டவர் தம் சீடரைப் பணித்தார் என்று அருளப்பர் தம் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் எழுதுகிறார். அப்பத்தைப் பலுகச் செய்ய வல்லவரே துண்டுகளைப் பொறுக்கச் சொன்னார்! தட்டுப்பாட்டினால் அன்று, கொடையை மதிப்பதனால் பிறந்த சிக்கனம் அது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட, படைப்பைப் பேணுதல் பற்றிய சுற்றுமடலில், தேவையற்ற விளக்குகளை அணைப்பதையும் அன்றாட அன்புச் செயல்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டார். ஏழையின் அழுகுரலும் பூமியின் அழுகுரலும் வேறுவேறல்ல என்பது அம்மடலின் சாரம். எண்ணூர்க் கழிமுகத்தில் அவ்விரண்டையும் ஒரே இடத்தில் கேட்கலாம்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு ஒரு சிறு முயற்சியைப் பரிந்துரைக்கிறோம். இம்மாதம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, வீட்டு மீட்டரின் எண்ணைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த மாதம் அதே நாளில் மீண்டும் பார்த்து, எத்தனை யூனிட் குறைந்தது, எத்தனை கிலோ நிலக்கரி மிஞ்சியது என்று அவர்களே கணக்கிடட்டும். மிச்சமான பணத்தைப் பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையின் உண்டியலில் அவர்கள் கையாலேயே போடச் செய்யுங்கள்.