வீட்டிற்குள் வந்த திரையரங்கு



பாஸ்குக் காலத்தில் பங்கிலுள்ள இல்லங்களை மந்திரிக்கச் செல்வது நம் வழக்கம். புனித நீருடன் வாசலில் நிற்கும்போதே, அவ்வாண்டில் வீட்டிற்குப் புதிதாக வந்த பொருளைக் காட்டி, "இதையும் மந்திரிச்சுடுங்க சாமி" என்று கேட்போர் பலர். நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில் தையல் இயந்திரங்களையும் மிதிவண்டிகளையும் மந்திரித்திருக்கிறோம். பின்னர் தொலைக்காட்சியும் கணிப்பொறியும் வந்தன. அண்மையில் ஸ்ரீரங்கத்தில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் தளத்தில் வாழும் நம் குடும்பம் ஒன்று நம்முன் வைத்தது, ஆறு பெட்டிகள் கொண்ட ஓர் ஒலியமைப்பு. ஹோம் தியேட்டர் என்றும், சரவுண்ட் சவுண்ட் என்றும் நம் பிள்ளைகள் சொல்கிறார்களே, அதுதான்.

வளைகுடா நாட்டில் பணியாற்றும் மூத்த மகன் விடுமுறையில் வந்து, தன் சேமிப்பில் வாங்கிய பொருள் அது. "சத்தியமா தியேட்டர் மாதிரியே இருக்கும், கேளுங்க சாமி" என்று அவர் ஒரு திரைப்படத்தைத் தொடங்கினார். இடி இடித்தது; சன்னல் கண்ணாடி அதிர்ந்தது; சிறுவர் கைகொட்டினர். ஐந்து நிமிடம் சென்றிருக்கும். அவருடைய தந்தையார் ஓசைப்படாமல் எழுந்து, மாடத்திற்குச் சென்று நாற்காலியில் அமர்ந்துகொண்டார். "அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது சாமி. வரவர யார்கிட்டயும் பேசறதும் இல்லை" என்றார் மருமகள். அதற்குள் அழைப்புமணி ஒலித்தது. கீழ்வீட்டு மாமி. அவருடைய கணவர் இருதய அறுவை முடிந்து வீடு திரும்பியிருக்கிறாராம். "கோவிச்சுக்காதீங்கோ, கட்டிலே அதிர்றது" என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டபோது, மந்திரிக்க வந்த நமக்கே நாணமாயிற்று.

நாம் மாடத்திற்குச் சென்று பெரியவர் அருகே அமர்ந்தோம். தொலைவில் இராஜகோபுரத்தின் விளக்குகள் தெரிந்தன. "சினிமா பிடிக்கவில்லையோ?" என்று கேட்டோம். காதருகே கையைக் குவித்துக் கேட்டுவிட்டு அவர் சொன்ன மறுமொழி நம் நெஞ்சில் தைத்தது: "சத்தம் கேக்குது சாமி. சொல்லுதான் விளங்கலை."

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரும்புத் தகடு அடிக்கும் தொழிற்கூடத்தில் உழைத்த மனிதர் அவர். அவ்வுழைப்பில்தான் மகன் படித்தார். பேரோசையிலே நெடுங்காலம் வேலை செய்தோர்க்கும், வயது முதிர்ந்தோர்க்கும் செவித்திறன் ஒரே சீராகக் குறைவதில்லை. கூர்மையான, மெல்லிய ஒலிகளே முதலில் மறைகின்றன. அகரம், ஆகாரம் போன்ற உயிரொலிகள் காதில் விழும்; க, ச, த என்னும் மெய்யொலிகளோ நழுவிவிடும். ஆகவே ஒருவர் பேசுவது தெரியும், என்ன பேசினார் என்பது தெரியாது. அதற்கு மேல் தாழ்ந்த முழக்கமும் சேர்ந்துகொண்டால், எஞ்சிய மெய்யொலிகளையும் அது மூடிவிடுகிறது. ஓசையைக் கூட்டக் கூட்டச் சொல் இன்னும் மறைகிறது.

அன்பர்களே, இவ்விடத்தில் இக்கருவியின் பிறப்பைச் சற்று நோக்குவோம். 1931-ஆம் ஆண்டு ஒலியுலகில் நினைவுகொள்ளத்தக்க ஆண்டு. அவ்வாண்டு பிப்ரவரியில் மார்க்கோனி அமைத்துத் தந்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை பதினோராம் பயஸ் தொடங்கி வைத்தார். அக்டோபரில் தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் வெளிவந்தது. டிசம்பரில் இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் என்னும் பொறியாளர், இரு ஒலிபெருக்கிகளால் ஒலிக்கு இடமும் திசையும் கொடுக்கும் முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அதற்குத் தூண்டுகோலாக இருந்தது ஒரு திரைப்படம் என்பர். மனைவியுடன் படம் பார்க்கச் சென்ற அவர், நடிகர் திரையின் ஒரு புறம் நிற்க, அவருடைய குரல் மறுபுறமிருந்து வருவதைக் கண்டு வருந்தினாராம். பேசுகிறவரும் பேச்சும் ஓரிடத்திலிருந்து வரவேண்டும் என்பதே அவருடைய வேட்கை. உரக்க ஒலிக்கவேண்டும் என்பதன்று. ஒலி உரிய இடத்தில் இருக்கவேண்டும் என்பது. அவ்விதையிலிருந்து வளர்ந்ததே பிற்காலத்துச் சூழொலி. தமிழ்த் திரையில் 1995-இல் குருதிப்புனல் வழியாக டால்பி முறை வந்ததும், மக்கள் அதை வியந்து பேசியதும் உங்களில் பலர்க்கு நினைவிருக்கும்.

இன்னும் முந்திய வரலாறு நம் திருச்சபையில் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு ஆலயத்தில் பாடகர்களை இரு குழுக்களாகப் பிரித்து, எதிரெதிர் மேடைகளில் நிறுத்திப் பாடவைத்தனர். ஒரு குழு பாடும்போது மறுகுழு செவிமடுக்கும். பின் அது பாடும். குருமடத்துச் சிற்றாலயத்தில் நாமும் இருபுறமாய் அமர்ந்து, இவ்வாறே மாறி மாறித் திருப்பாடல்களைச் செபித்தோம். இருபுறமும் ஒருங்கே முழங்கினால் அது செபமாகாது, சந்தையாகும். செவிமடுக்கும் பக்கம் ஒன்று இருப்பதால்தான் ஒலிக்கும் பக்கத்திற்குப் பொருள் கிடைக்கிறது.

இனி அவ்வீட்டில் நடந்ததைச் சொல்லுவோம். அடுத்த ஞாயிறு மாலை, நம் பாடற்குழுவில் ஒலிக்கருவிகளைக் கவனிக்கும் இளைஞரை உடன் அழைத்துச் சென்றோம். 16 அடி நீளமும் 11 அடி அகலமும் கொண்ட கூடம் அது. வெறும் சிமெண்டுச் சுவர், வழுவழுப்பான தரை. ஐந்து பெட்டிகளும், முழக்கத்திற்கென்று ஒரு பெரிய பெட்டியும் இருந்தன. ஐந்து முழு ஒலிவழிகள், தாழ்ந்த ஒலிக்கு மட்டும் ஒரு சிறு வழி என்பதால்தான் இதனை ஐந்து புள்ளி ஒன்று என்கிறார்கள். இளைஞர் அளவுநாடாவை எடுத்தார்.

முதலில் நடுப்பெட்டியைத் தேடினோம். அது எங்கே இருந்தது தெரியுமா? அழகுக்காக அலமாரியின் உச்சியில், பூச்சாடிக்குப் பின்னால்! திரைப்படத்தின் பேச்சில் பெரும்பகுதி அந்த நடுப்பெட்டி வழியாகத்தான் வருகிறது. அதை மறைத்துவிட்டுப் பேச்சுக் கேட்கவில்லை என்று எல்லாவற்றையும் உரக்க வைப்பது, வீட்டில் பெரியவரை மூலையில் அமர்த்திவிட்டு, அவர் பேசுவதில்லை என்று குறைபடுவதைப் போன்றதே. பெட்டியைத் தொலைக்காட்சிக்கு நேர் கீழே கொணர்ந்து, அதன் முகத்தை அமர்வோர் காதை நோக்கிச் சற்றே நிமிர்த்தினோம்.

அடுத்து முன்புறத்து இரண்டு பெட்டிகள். அமரும் இடம் அவை ஒவ்வொன்றிலிருந்தும் 8 அடி என்றால், அப்பெட்டிகளுக்கு இடையேயும் 8 அடி இருத்தல் நலம். அமர்வோரும் இரு பெட்டிகளும் சமபக்க முக்கோணமாக அமைவர். அதாவது நேர்ப்பார்வைக்கு இடத்தே 30 பாகை, வலத்தே 30 பாகை. சூழ நின்று ஒலிக்கும் மற்ற இரண்டும் தோளுக்குச் சற்றே பின்புறம், 110 பாகை அளவில், காதைவிடச் சிறிது உயரத்தில் இருக்கவேண்டும். இவ்வீட்டிலோ அவை இருக்கையின் கைப்பிடியோடு ஒட்டிக்கிடந்தன. ஓர் அடி தொலைவைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமாகிறது. அருகிலுள்ள பெட்டி முந்திக்கொள்ளாதபடி, ஒவ்வொன்றும் எத்தனை அடியில் இருக்கிறது என்று கருவியிலேயே குறித்துவிடலாம். இளைஞர் அவ்வாறே குறித்தார்.

பின்னர் முழக்கப் பெட்டி. சப்-ஊஃபர் என்பார்கள். நொடிக்கு 40 முறை அதிரும் ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 28 அடி. இத்தகைய தாழ்ந்த ஒலியைச் சுவரும் தரையும் எளிதில் தடுப்பதில்லை. அதனால்தான் மாமி வீட்டுக் கட்டில் அதிர்ந்தது. அறையின் மூலையில் வைத்தால் முழக்கம் இன்னும் பெருகும். அதை மூலையிலிருந்து விலக்கி, அடியில் தடித்த இரப்பர்த் துண்டுகளை வைத்து, அளவையும் பாதிக்குமேல் தணித்தோம். துண்டுகள் அதிர்வைச் சிறிது குறைக்கும். அளவைத் தணிப்பதே உண்மையான மருந்து. இரவில் பார்ப்பதற்கென்று இடியைத் தணித்துப் பேச்சை உயர்த்தும் அமைப்பும் இத்தகைய கருவிகள் பலவற்றில் உண்டு. அதுவும் இருந்தது, ஒருவரும் தொட்டதில்லை.

கடைசியாகச் சுவர். ஏறத்தாழ 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்னும் இளம் ஆசிரியர், எதிரொலியால் சொல் விளங்காத ஓர் அரங்கில் இருக்கை மெத்தைகளை ஒவ்வொன்றாகக் கொணர்ந்து பரப்பி, ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். மெத்தை கூடக்கூட எதிரொலி குறைந்தது. மனித உடலும் அவ்வாறே ஒலியை உறிஞ்சுகிறது. மக்கள் இல்லாத வேளையில் ஆலயத்தில் நம் குரல் சிதறுவதும், பெருவிழாவில் கூட்டம் நிறைந்தபோது அதே குரல் தெளிவதும் இதனால்தான். இந்த வீட்டிற்குப் பெரும் பொருட்செலவு தேவைப்படவில்லை. பெட்டியில் மடித்துக்கிடந்த பவானி ஜமக்காளத்தைத் தரையில் விரித்தார்கள். கனமான திரைச்சீலையைச் சன்னலில் தொங்கவிட்டார்கள்.

பெரியவரை அழைத்து நடு இருக்கையில் அமர்த்தினார் மகன். ஓசை முன்னையதில் பாதியளவும் இராது. பழைய படம் ஒன்று. தந்தை மகனிடம் பேசும் காட்சி. பெரியவர் முகத்தையே பார்த்திருந்தோம். சிறிது நேரத்தில் அவர் திரும்பி, "இப்போ விளங்குது" என்றார். மகனின் கண்கள் கலங்கின. "அப்பா கோவமா இருக்கார்னு நெனச்சிட்டு இருந்தேன் சாமி. ஒரு நாள் கூடக் கேக்கலை" என்றார் அவர். பெட்டி மாற்றி வைத்ததால் மட்டும் காது சரியாகிவிடாது என்பதையும் சொன்னோம். மறுவாரமே செவிப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றார். இப்போது பெரியவர் செவிக்கருவி அணிகிறார். பேரப்பிள்ளைகள் அவருக்கு முன்னால் வந்து நின்று, முகம் பார்த்துப் பேசப் பழகிவிட்டார்கள். கீழ்வீட்டிற்கும் சென்று, எந்த நேரம் ஓய்வு நேரம் என்று கேட்டு வந்தார் மகன்.

இதை எழுதும் நமக்கும் ஒரு கணக்குத் தீர்க்கவேண்டியிருக்கிறது. அதே பெரியவர் ஆண்டுக்கணக்காக நம் ஆலயத்தின் கடைசித் தூணருகே அமர்வார். மறையுரை கேட்கவில்லை என்று யாரோ சொன்னபோது, நாமும் ஒலிபெருக்கியின் ஓசையைத்தான் கூட்டினோம். கோபுரத்துக் குழாயையும் சேர்த்து. யாருக்கு எது விளங்கவில்லை என்று கேட்டோமில்லை. சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கிகளைப் பற்றி அக்கம்பக்கத்தார் தொடுத்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடுமாறு எந்தச் சமயமும் கட்டளையிடவில்லை என்ற கருத்தில் 2000-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியின் வரம்பைப் பகலில் 55 டெசிபெல் என்றும் இரவில் 45 என்றும் வகுத்தன. சட்டத்திற்காக அன்று, பிறரன்பிற்காகவே நாம் இதைச் செய்திருக்கவேண்டும். இப்போது நம் கோபுரத்துக் குழாய் இறக்கப்பட்டுவிட்டது. தூண்களில் சிறு பெட்டிகள் தாழ்ந்த குரலில் பேசுகின்றன.

தொலைக்காட்சிக்குத் திருச்சபை தந்துள்ள பாதுகாவலி யார் என்று அறிவீர்களா? அசிசி நகரத்துப் புனித கிளாரா. நோயுற்றுப் படுக்கையில் கிடந்த அவர், கிறிஸ்து பிறப்பு இரவில் ஆலயத்திற்குச் செல்ல இயலாமல் வருந்தியபோது, அங்கு நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது மரபு. இதனை முன்னிட்டே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரை அவ்வாறு நியமித்தார். எழுந்து நடக்க இயலாத ஒரு பெண்ணைப் பாதுகாவலியாகத் தந்ததில் நமக்கொரு பாடம் உண்டு. வீட்டிற்குள் வரும் எந்தக் கருவியும், அவ்வீட்டில் மிகவும் நலிந்தவருக்கு என்ன செய்கிறது என்பதைக் கொண்டே அளக்கப்படவேண்டும்.

ஆகவே, இத்தகைய அமைப்பை வாங்கியோரும் வாங்க எண்ணுவோரும் நாம் சொல்லும் நான்கை மனத்திற்கொள்ளுங்கள். கடையில் விலை பேசுமுன் உங்கள் கூடத்தை அளந்து பாருங்கள். நடுப்பெட்டிக்கு நல்லிடம் கொடுங்கள். வாரத்தில் 40 மணி நேரத்திற்கு 80 டெசிபெல் என்பதே உலக நலவாழ்வு நிறுவனம் காட்டும் எல்லை. பிள்ளைகளின் காது ஒருமுறை கெட்டால் மீளாது என்பதை மறவாதீர்கள். இரவு மணி பத்தானால் முழக்கப் பெட்டியை நிறுத்திவிடுங்கள்.

திருவள்ளுவர் கேள்வி என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அவர் சொன்ன கேள்வி, செவியால் பெறும் செல்வம். இன்றிரவு படம் முடிந்து கருவியை அணைத்தபின், உடனே எழுந்து போய்விடாதீர்கள். குடும்பச் செபத்திற்கு முன் பத்து நிமிடம் அமர்ந்து, உங்கள் வீட்டில் நெடுநாளாகப் பேசாதிருப்பவர் யார் என்று பாருங்கள். அவருக்குப் பேச விருப்பமில்லையா, அல்லது நாம் பேசுவது அவருக்கு விளங்கவில்லையா என்று அருகில் அமர்ந்து கேளுங்கள்.

செவிகளைத் திறந்த ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.