அறுபதில் திரும்பும் ஆண்டு

பனியன் நகரமாம் திருப்பூரில் உள்ளாடை என்றதும் வெண்மையே நினைவுக்கு வரும். சீனரோ, தாம் பிறந்த ஆண்டின் விலங்கு மீண்டும் வருகையில் சிவப்பு உள்ளாடை அணிவர். எலி முதல் பன்றி வரை பன்னிரு விலங்குகள் அவர்தம் ஆண்டுகளுக்கு உரியவை. தமக்குரிய ஆண்டு இடையூறு தரும், சிவப்பு அதனைத் தடுக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை.

அவ்விலங்குகளோடு மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐந்தும் இணைய, அறுபது ஆண்டுகளில் ஒரு சுற்று நிறைவுறும். பிரபவ முதல் அட்சய வரையிலான நம் சுற்றும் அறுபதே! 1966-இல் பிறந்த பராபவ ஆண்டு, 2026 சித்திரையில் மீண்டும் பிறக்கின்றது. சீனருக்கு அவ்விரண்டும் நெருப்புக் குதிரை ஆண்டுகள்.

பிறந்த ஆண்டு திரும்புகையில் அங்கும் அச்சம் உண்டு, இங்கும் உண்டு. அதனாலன்றோ சஷ்டியப்த பூர்த்தியில் ஆயுள் வேண்டி வேள்வி செய்து, கலச நீராட்டி, மக்கள் முன்னிலையில் மீண்டும் மாங்கல்யம் பூட்டுகின்றனர்!

திருப்பூரை அடுத்த அவிநாசியில், முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டார். இடைப்பட்ட ஆண்டுகளுக்குரிய வளர்ச்சியுடனேயே அவன் கரையேறினான் என்பது வரலாறு. கழிந்த காலமும் ஈசன் கணக்கில் குறைவதில்லை. அறுபதை எட்டும் அன்பர்கள் அஞ்ச வேண்டுவதில்லை; அவிநாசியப்பரை நினைந்தால் போதும்.