லிபோ லேபிளை நம்பி காசை விடாதீங்க மக்கா!

ரிமோட் விமானம் வாங்கின கையோட நம்மாளுங்க செய்ற முதல் காரியம், கிடைக்கறதுலேயே பெரிய பேட்டரியைத் தேடறது. "2200 எம்.ஏ.எச்.சுக்கு பதிலா 4000 போட்டா ரெண்டு மடங்கு நேரம் பறக்கும்ல?" பறக்காது சாமி!

மூணு செல் 2200 லிபோ சுமார் 180 கிராம். 4000 என்றால் 300ஐத் தாண்டும். ஒரு கிலோ கூட இல்லாத ஃபோம் விமானத்துக்கு அது பெரிய சுமை. அதைத் தூக்கவே மோட்டார் கூடுதல் கரண்ட் குடிக்கும், இறங்குற வேகமும் ஏறும். எங்க ஆரணியில (பட்டுச்சேலை ஆரணி இல்லீங்க, பெரியபாளையம் பக்கத்து ஆரணி) வரப்புக்கு நடுவுல இறக்கிப் பாருங்க, மூக்கு தனியா வரும்.

அஜித் ஆலோசகரா இருந்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. 'தக்‌ஷா' அணி 2018ல ஆறு மணி நேரத்துக்கு மேல ட்ரோனைப் பறக்க விட்டாங்களே, அது பேட்டரியை அடுக்கிச் சாதிச்சது இல்ல. பெட்ரோல் இன்ஜின் சேர்த்த ஹைப்ரிட். தல ரசிகர்கள் இதையும் கொஞ்சம் கவனிக்கலாம் :-)

அடுத்த பித்தலாட்டம், 'சி' எண். 2200ல 30சி என்றால் கணக்குப்படி 66 ஆம்பியர். உங்க மோட்டார் முழு வேகத்துல 20 ஆம்பியர் இழுக்குதுன்னா அதுவே தாராளம். அப்புறம் எதுக்கு 60சி-க்கு கூடுதல் காசு? இந்த 'சி'யை அளக்க எல்லாரும் ஒத்துக்கிட்ட சோதனையே கிடையாது, அச்சடிக்கிறவர் மனசு எவ்வளவு பெருசோ அவ்வளவு! ரெண்டு பேக்கையும் தராசுல வைங்க. ஒரே கொள்ளளவு, அதிக 'சி', ஆனா எடை குறைவுன்னா சந்தேகப்படுங்க. உள்மின்தடை காட்டுற சார்ஜர் கிடைச்சா இன்னும் நல்லது, எண் குறைவா இருக்கறது தேவலை.

காமர்ஸ்காரன் தேய்மானம் பேசாம விடுவானா? ரெண்டாயிரம் ரூபாய் பேக் இருபது தடவையில உப்பிப் போனா, ஒரு பறத்தலுக்கு நூறு ரூபாய். 150 தடவை வந்தா பதிமூணு சொச்சம். அந்த வித்தியாசம் பெரும்பாலும் உங்க கையிலதான்: 20 சதவீதம் மிச்சம் வச்சு இறக்குங்க, பறக்காத நாள்ல செல்லுக்கு 3.8 வோல்ட்ல வைங்க, சித்திரை வெயில்ல கார்க்குள்ள விடாதீங்க. உப்பினது தீப்பிடிக்கும், அதை செகண்ட் ஹேண்டா ஜூனியர் தலையில கட்டுற அண்ணன்மார்களுக்கும் சேர்த்துதான் சொல்றேன்.

பெரிய பேக் ஒண்ணு வாங்குற காசுல 2200 ரெண்டு வாங்குங்க. ஒண்ணு பறக்கும்போது இன்னொண்ணு சார்ஜ் ஆகட்டும்.